வொம்பாட்டின் கால்களை எடுத்தவர்கள்

எங்கள் தீவில் மெரின் பைபஸ் என்ற பெண் குழந்தைகளுக்குப் படம் வரைகிறாள். எந்த நிறுவனத்திலும் வேலை இல்லை, சொந்தமாகத்தான். தினமும் காலை ஆறு மணிக்கு அன்றைய பென்சில் படத்தைத் தன் இணையப் பக்கத்தில் போடுவாள். கீழே எப்போதும் ஒரே கேள்வி: "எதைத் திருத்தட்டும்?"

இப்படிக் கேட்பது அந்தத் தொழிலில் வெறும் மரியாதைக்குத்தான். மற்றவர்கள் கேட்டுவிட்டுத் தங்கள் இஷ்டத்துக்கு வரைவார்கள். மெரின் உண்மையாகவே திருத்தினாள். அதுவும் அதே தாளில், அழித்து அழித்து. புதுத் தாளுக்கு மாற்றினால் படத்தின் உயிர் போய்விடும் என்பது அவள் நம்பிக்கை. அவள் வீட்டு வாசலில் குவிந்த ரப்பர் துகளைத் தின்று என் கோழிகள் போட்ட முட்டைகள் கீழே விழுந்தால் உடையாமல் எகிறின. ஒன்றைக் கூரையிலிருந்து நானே எடுத்தேன்.

மார்ச் மாதம் அவள் ஒரு கிழட்டு வொம்பாட்டை, எங்கள் நாட்டில் வளை தோண்டி வாழும் குட்டிக் கரடி மாதிரியான பிராணியை, வரைந்தாள். மழைக்குப் பயந்து தபால்பெட்டிக்குள் பின்புறமாக நுழையப் பார்க்கிறது. ஒரு காதில் பாதி இல்லை. குட்டைக் கால்கள் நான்கும் நான்கு திசையில் இழுக்கின்றன. முகத்தில் உலகத்தின் மீதே ஒரு புகார். அழகு என்று சொல்ல முடியாது, கண்ணை எடுக்கவும் முடியாது. மெல்பர்னில் புத்தகம் போடும் ஜொஹானா அதைப் பார்த்துவிட்டு, ஜூன் மாதம் நேரில் வருவதாகவும், முழுப் புத்தகத்தையும் வரைந்து வைக்கும்படியும் எழுதினாள். பதினேழு பேர் வேண்டாம் என்று சொன்னபிறகு மெரினுக்கு வந்த முதல் நல்ல கடிதம்.

அந்த வாரம்தான் நானும் டெஸ்ஸும் டில்லியைப் பெற்றெடுத்தோம்.

டெஸ் படகுத்துறையில் தூண்டில் இரை விற்றவன். நான் தபால்காரன். இருவருக்கும் ஓய்வு, இருவருக்கும் நடுவில் என் போன், அதில் மெரினின் பக்கம். டில்லிக்கு ஆறு வயது, தெற்கு முனையில் வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிக்கிறாள் என்று முடிவு செய்தோம்.

"காது பயமா இருக்குன்னு போடுடா," என்றான் டெஸ்.

"ஆறு வயசுப் பிள்ளை அப்படிச் சொல்லாது. கனவுல வந்து கடிச்சுதுன்னு சொல்லும்."

"பிள்ளையே பெறாதவன் நீ. உனக்கு எப்படிடா தெரியும்?"

"உன்னை நாப்பது வருஷமா வளக்கிறேனே."

மறுநாள் காலை வொம்பாட்டுக்கு முழுக் காது முளைத்திருந்தது. "நன்றி டில்லிக் கண்ணு" என்று எழுதியிருந்தாள். எனக்கு அன்று காலை உணவு ருசித்தது போல வாழ்நாளில் ருசித்ததில்லை.

அதன்பின் முறைவைத்துக் கொண்டோம். ஒருநாள் அவன், ஒருநாள் நான். அவன் முறைப்பை எடுத்தான், நான் கழுத்தில் ரிப்பன் கட்டினேன். அவன் புன்னகை கேட்டான், நான் இன்னும் பெரிய புன்னகை கேட்டேன். கடைசியில் கால்கள் பாவமாக இருக்கின்றன என்று டில்லி அழுததும், மெரின் புல் வரைந்து கால்களை மூடினாள். தாள் எவ்வளவு தேய்ந்ததென்றால், மேசைமேல் வைத்தால் மேசையின் மரவரிதான் வொம்பாட்டுக்கு ரோமம்.

ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை ஜொஹானா காலைப் படகில் வந்தாள். நூலகத்தில் சந்திப்பு. நான் பத்திரிகை படிக்கிற சாக்கில் உட்கார்ந்திருந்தேன். அவள் எல்லாப் பக்கங்களையும் புரட்டினாள். பிறகு தன் போனில் மார்ச் மாதப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"நான் இந்தக் கிழவனைப் பாக்கத்தான் வந்தேன். இந்தப் பஞ்சு மூட்டை யாரு?"

"குழந்தைக்குப் பிடிக்கல. அதான் மாத்தினேன்."

"எந்தக் குழந்தைக்கு?"

"டில்லின்னு ஒருத்தி. தினமும் எழுதுவா. புத்தகமே அவளுக்குத்தான்."

ஜொஹானா கண்ணாடியைக் கழற்றினாள். "அப்போ அவளைக் கூட்டிட்டு வாங்க. நாலு மணிப் படகுக்குத்தான் கிளம்புறேன். அவ இதைப் பாத்து ஒரு தடவை சிரிச்சாப் போதும், எடுத்துக்கறேன். இல்லேன்னா மன்னிச்சுக்கோங்க மெரின். எது நல்லா இருக்குன்னே தெரியாதவங்களோட என்னால வேலை செய்ய முடியாது."

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று மணிக்கு மெரின் என் கதவைத் தட்டினாள்.

"ராய்டன், இந்தத் தீவுல உங்களுக்குத் தெரியாத வீடு கிடையாது. டில்லி வீடு எது?"

"அவங்களா? திங்கக்கிழமையே பெர்த் நகரத்துக்குக் குடி போயிட்டாங்களே."

"பெர்த்துக்கா?" அவள் படியிலேயே உட்கார்ந்தாள். "சரி, அங்கயே கேக்கறேன். வீடியோல ஒரு வார்த்தை பேசினாக்கூடப் போதும்." போனை எடுத்து எழுதினாள்.

உள்ளே மேசைமேல் என் போன் டிங் என்றது.

அவள் என்னைப் பார்த்தாள். மறுபடி ஒரே ஓர் எழுத்தை அனுப்பினாள். டிங்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் செருப்பைப் பார்த்தாள்.

"ஒண்ணும் வேணாம்," என்றாள். "வந்து ஜொஹானாகிட்ட நடந்ததைச் சொல்லிடுங்க. மாசக்கணக்கா ஏமாந்தேன்னு நான் சொன்னா சாக்குச் சொல்ற மாதிரி இருக்கும். நீங்க சொன்னா நம்புவாங்க. ஒரு மாசம் குடுத்தா நான் அந்தக் கிழவனைத் திரும்ப வரைஞ்சுடுவேன்."

"நூலகத்துல யாரெல்லாம் இருக்காங்க?"

"பாதி ஊரு. ஏன்?"

"சும்மாதான். நீ முன்னாடி போ. ஷூ மாட்டிட்டு வந்துடறேன்."

அவள் ஓடினாள். என்னைப் போல ஒரு கிழவன் சொன்ன சொல்லை நம்பி நாற்பது வயதுப் பெண் ஓடுவதைப் பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது.

என் ஷூவைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. தபால்துறை தந்த பழைய ஷூ. அதன் கயிறு படகுத்துறை வரை நீளும், அதைத் துளைத்துளையாகக் கோத்து முடிக்க ஐம்பது நிமிடம் ஆகும். டெஸ்ஸைக் கேளுங்கள், அவனும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தான். கடைசி முடிச்சைப் போட்டபோது படகின் சங்கு ஊதியது.

மெரின் இப்போது படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறாள். அவள் இணையப் பக்கத்தில் படம் எதுவும் வருவதில்லை. அன்றைக்குப் படகு நான்கு நிமிடம் முன்னதாகவே கிளம்பிவிட்டது, அதுதான் காரணம். படகு ஓட்டுகிறவன் சரியாக நான்கு மணிக்குத்தான் எடுத்தேன் என்கிறான். அவன் பேச்சை நம்பாதீர்கள்.