அவர் கணக்கில் எழுதிய குடி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு தாழ்வாரத்தில். கணினி வகுப்பை விசாரிக்கப் போன கட்டடத்தில் எதிரெதிரே இரண்டு கதவுகள். ஒன்றில் ‘குடியை விட விரும்புவோர்’ என்று தாள் ஒட்டியிருந்தது. மற்றதில் ‘குடிப்பவர்களின் குடும்பத்தார்’. நடுவில் ஒரு பெண் கைப்பையை அணைத்தபடி, எதற்குள்ளும் போகாமல் நின்றாள். நான் திரும்பி வந்தபோது அவள் இல்லை. எந்தக் கதவு என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: ‘கண்ணீர் வற்றிய அவள் விழிகளில்’ — வேண்டாம்.

இரண்டாவது: ‘குடி ஒரு நோய் என்பதை மருத்துவ உலகம்’ — இதைப் படிக்க நீங்கள் என்ன பாவம் செய்தீர்கள்?

மூன்றாவதில் அவளுக்கு ஒரு தொழில் கொடுத்தேன். பல் மருத்துவர். அப்போதுதான் அவள் மூச்சுவிட ஆரம்பித்தாள். அந்த மூச்சுதான் வினை. காலையில் முதல் ஆளாக வந்து வாயைத் திறந்து படுத்தவர், அவள் முகக்கவசத்தையும் தாண்டி வந்த வாடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாய் நிறையப் பஞ்சு. ஒன்றும் சொல்ல முடியவில்லை. உதவிக்கு நின்ற பெண் மட்டும் மெதுவாக, “மேடம், மத்தவங்களை நாளைக்கு வரச் சொல்லிடட்டுமா?” என்றாள்.

அன்று மாலைதான் அந்தத் தாழ்வாரம்.

3

(ஒரு நண்பர் படித்துவிட்டு, பெண் குடிக்க வலுவான காரணம் வேண்டுமே என்றார். ஆண் குடித்தால் யாரும் கேட்பதில்லையே என்றேன். காரணம் வைக்கவில்லை.)

அவள் சரியான கதவைத்தான் திறந்தாள். உள்ளே முழுக்க ஆண்கள். கூட்டத்தை நடத்துகிற பெரியவர் எழுந்து வந்தார்.

“வாங்கம்மா. வீட்டுக்காரர் வரலையா?”

“இல்லைங்க, நான்...”

“முதல்ல யாருமே வர மாட்டாங்க. நீங்க மனசை விட்டுடாதீங்க. எதிர் ரூம்ல உங்களை மாதிரி நிறைய பேர் இருக்காங்க. போய் உக்காருங்க.”

அவர் அத்தனை அன்பாகச் சொன்னதால் மறுக்க வாய் வரவில்லை. “சரிங்க” என்று எதிர் அறைக்குப் போனாள்.

4

அங்கே அவள் முறை வந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

“அவரு வாய் கொப்பளிக்கிற மருந்து பாட்டில்ல ஊத்தி வெச்சிருப்பாரு. வாசனை வருதேன்னு கேட்டா, உன் மூக்குதான் சரியில்லைம்பாரு.”

சொன்னதெல்லாம் நிஜம். ஆள்தான் வேறு. காப்பியைத் தவிர எதையும் தொடாத கணவன் கணக்கில் தன் குடியை முழுக்க எழுதினாள். பெண்கள் தண்ணீர் கொடுத்தார்கள், தோளைத் தடவினார்கள். வீடு திரும்பி, அந்த ஆறுதலுக்கு மேல் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டாள். அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும்.

பக்கத்து நாற்காலியில் தையல்கடை அக்கா. இவள் பேசப் பேச அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் சொன்னாள்: “போதும் தங்கச்சி நீ பட்டது. கடைக்கு மேல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. துணிமணியை எடுத்துக்கிட்டு வந்துடு. அந்த ஆளு முகத்துலயே முழிக்காதே.” சாவியை இவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

“அக்கா... அவரு குடிக்க மாட்டாரு. நான்தான்.”

5

இங்கே எல்லாரும் அவளைக் கட்டிக்கொள்வதாக எழுதினேன், கிழித்தேன். அக்காவும் ஏதோ பொய் சொல்லியிருந்ததாக ஒரு திருப்பம் வைத்தேன். ஒரு கதைக்கு ஒரு பொய் போதும்.

அக்கா சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“அப்போ இத்தனை வாரமா நான் யாருக்காகடி அழுதேன்?”

அவள் யோசித்துத்தான் சொன்னாள். “அவருக்காகத்தான்க்கா. இங்க உக்கார வேண்டியவரு அவருதான்.”

கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது, அக்கா முகம் பார்க்காமல் சொன்னாள்: “அந்த ஆம்பளைங்க நடுவுல நீ வாயே திறக்க மாட்டே. நூலகத்துக்குப் பின்னாடி குடிக்கிற பொம்பளைங்களுக்குன்னே ஒரு கூட்டம் நடக்குது, வெள்ளிக்கிழமை. அங்க போய் இந்தக் கதையை விட்டுப் பாரு. ஒருத்தியும் நம்ப மாட்டா.”

6

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். கணவன் தட்டிலிருந்து கையை எடுத்தான்.

“என்னைக் குடிகாரன் ஆக்கிட்டியா?”

“ஆமா.”

“அதுல ஒருநாளாவது நல்லவனா இருந்தேனா?”

“ஒருநாள் பாத்திரம் கழுவினீங்க.”

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே உடைந்து வேறு ஏதோ ஆனது. அவள் எழுந்து போய் அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அதைத் தொட்டிக்குள் கவிழ்த்தது யார் என்று எழுத வேண்டியது — இருவருமே என்று வைத்துக்கொள்கிறேன்.

7

வெள்ளிக்கிழமை போனாள். ஐந்தாறு பெண்கள். ஒருத்தி மடியில் குழந்தை தூங்கியது. “பேசணும்னு கட்டாயம் இல்லை, சும்மா உக்காருங்க” என்றார்கள். அவள் பேசினாள்.

என்ன பேசினாள் என்று நான் எழுதப்போவதில்லை. அங்கே பேசுவது அங்கேயே நிற்க வேண்டும் என்பது அவர்கள் விதி. எதிர் அறையில் பேசியதை மட்டும் சொன்னாயே என்று கேட்காதீர்கள். அங்கே அவள் சொன்னது பொய், பொய்க்கு விதி கிடையாது.

நிலைத்தாளா, மறுபடி விழுந்தாளா? எனக்குத் தெரியாது. கதவைச் சாத்திவிட்டார்கள், நான் வெளியே நிற்கிறேன். தெருமுனையில், அவளைக் கொண்டுவந்து விட்ட கணவன் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறான். இத்தனை வருடத்தில் அவனிடம் யாரும் ஒன்றும் கேட்டதில்லை. எனக்கும் எப்படித் தொடங்குவது என்று பிடிபடவில்லை.

உங்களுக்குத் தெரிந்தால், போய்ப் பேசுங்கள்.