லாக் நட்

முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தேன். எதிரே நின்று என் வீட்டுக்காரர் பல்ராம் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். கழற்றிய ஹேண்டில் கேபிளெல்லாம் தொங்க ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இந்த வேலைக்கென்று தனி ஸ்பானர் இருக்கிறதாம். லம்பாசா டவுனில் கடைகளெல்லாம் பலகை அடித்து மூடிக் கிடக்கும்போது ஸ்பானருக்கு எங்கே போவது. அதனால் உளி.

"ஆடாம புடி தாயி."

"நான் எங்க ஆடுறேன். உங்க வண்டிதான் ஆடுது."

வேறு நாளாக இருந்தால் இதற்குச் சிரித்திருப்பார். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பிரேக் பிடித்தால் முன்பக்கம் டக்கென்று ஒரு சத்தம், கொஞ்சம் வேகம் போனால் ஹேண்டில் இரண்டு பக்கமும் உதறுவது என்று அந்த ஸ்கூட்டர் ஒரு மாதமாகவே பயமுறுத்திக்கொண்டிருந்தது. கரும்பு மில்லில் கிளார்க்காக இருந்த ராஜேந்திராவின் வண்டி அது. முதல் தடவை பட்டாளம் ஆட்சியைப் பிடித்த வருஷமே அவர் குடும்பத்தோடு பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார். போகிற அன்று வண்டியை எங்கள் வாசலில் நிறுத்தி, சாவியைப் படிமேல் வைத்துவிட்டு நடந்தார். நாங்கள் இருந்துவிட்டோம். எல்லாம் சரியாகிவிடும் என்று ஊரே சொன்னது, நாங்களும் சொன்னோம்.

இப்போது மறுபடியும். தலைநகர் சுவாவில், இந்தியன் ஆளக்கூடாது என்று துப்பாக்கியோடு பார்லிமென்டுக்குள் புகுந்து ஆட்களை அடைத்து வைத்தார்கள். சுவா வேறு தீவு, நடுவில் கடல் கிடக்கிறது, நமக்கென்ன என்று முதல் வாரம் பேசினோம். அப்புறம் எங்கள் ரோட்டிலேயே ஏழுமலை வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். முகத்தில் துணி கட்டியிருந்தார்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள், ஏழுமலையின் கையை உடைத்தார்கள். அவன் வீட்டு நாய் மட்டும் ஒரு தடவைகூடக் குரைக்கவில்லையாம். நாய்க்குத் தெரிந்த ஆள் எவனோ கூட வந்திருக்கிறான் என்று ரோடு முழுக்க அதே பேச்சு. யாருடைய பெயரையும் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் எங்கள் மகள் வந்தனா விமானம் ஏறவேண்டும். ஆக்லாந்தில் என் கொழுந்தன் ரவீனேஷ் இருக்கிறான், அவன் வீட்டுக்கு. அவள் மட்டுமாவது போய்விடட்டும் என்று முடிவு செய்திருந்தோம். பஸ் ஓடவில்லை. டாக்ஸிக்காரன் எங்கள் பக்கம் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். பெண்ணைப் பின்னால் உட்கார வைத்து ஏர்போர்ட் கொண்டுபோய்ச் சேர்க்க இந்த ஆட்டம் காணும் வண்டிதான் கதி. பழைய பேரிங் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்து அடுக்கி, மேல் வளையத்தை உளியால் தட்டித் தட்டி இறுக்கினார். அதிகம் இறுக்கினால் ஹேண்டில் திரும்பாது, விட்டால் ஆடும். அது சரியான இடத்தில் நின்றதும் அதன்மேல் லாக் நட்டைப் போட்டுப் பூட்டவேண்டும். அது இல்லாவிட்டால் கல் ரோட்டுக் குலுக்கலில் வளையம் தானாகக் கழன்றுகொள்ளும். லாக் நட் மண்ணெண்ணெய்த் தட்டில் கிடந்தது.

அப்போதுதான் சாகியூசா கரும்புக்குள்ளிருந்து வந்தான். எங்கள் நாய் எழுந்து போய் அவன் காலை முகர்ந்து வாலை ஆட்டியது. பல்ராம் நாயையே பார்த்தார்.

நாங்கள் குத்தகைக்குக் கரும்பு போடுகிற நிலம், இந்த மண்ணின் பூர்வீகக்காரர்களான சாகியூசாவின் ஆட்களுடையது. இந்தத் தீவில் நம் ஆட்கள் எல்லாரும் பேசுகிற இந்தியை என் மகளைவிட நன்றாகப் பேசுவான்; பல்ராமைப் பாயா, அண்ணன் என்பான், என்னைப் பௌஜி, அண்ணி என்பான். அவர்களுக்குள் கேரேகேரே என்று ஒரு வழக்கம் உண்டு. தேவைப்பட்டதை வந்து கேட்பார்கள், கேட்டால் கொடுக்கவேண்டும், இல்லை என்று சொல்லக்கூடாது. பக்கத்தில் இருந்து இருந்து அது எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. அவனுடைய எருதுகள் எங்கள் வயலை உழுதிருக்கின்றன. எங்கள் குக்கர் அவன் வீட்டில்தான் பாதி நாள் இருக்கும்.

அவன் கையில் கரும்பு வெட்டும் கத்தி இருந்தது. அது எல்லார் கையிலும் இருப்பதுதான். ஆனால் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போகிறவன், ஞாயிற்றுக்கிழமை ஒரு தோகையைக்கூட வெட்ட மாட்டான்.

"பாயா, வண்டி வேணும். காலைல தந்துடறேன்."

"எங்க போற?"

"கேக்காதே பாயா."

பிறகு என் பக்கம் திரும்பினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "பௌஜி, இன்னைக்கு ராத்திரி வீட்டுல படுக்காதீங்க. விளக்கும் ஏத்தாதீங்க."

"யாரு வராங்க சாகியூசா?"

அவன் கத்தி நுனியால் தரையைக் கீறினான். எச்சரிக்கிறானா, மிரட்டுகிறானா? வீட்டைக் காலி செய்துகொடு என்று சொல்ல வருகிறவனும் இதையேதான் சொல்வான்.

"இதோ ஆச்சு," என்றார் பல்ராம். குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது, அதுதான் எனக்கு உறைத்தது. ஹேண்டிலைத் தூக்கி அதன் இடத்தில் செருகினார், போல்ட்டை முறுக்கினார். நான் தட்டைப் பார்த்தேன். லாக் நட் அதில்தான் கிடந்தது. பல்ராம் என்னை ஒரு பார்வை பார்த்தார், கையிலிருந்த அழுக்குத் துணியைத் தட்டின்மேல் போட்டார்.

எங்கள் வீட்டிலிருந்து ரோடு நேரே கீழே இறங்கும். அடியில் பாலம். அந்தப் பாலத்துக்குக் கைப்பிடி கிடையாது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் பிள்ளை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் போதும், எவன் எந்த ஆற்றில் விழுந்தால் எனக்கென்ன என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது. சாகியூசா காலைத் தூக்கி வண்டிமேல் போட்டான். வெள்ளம் வந்த வருஷம் காய்ச்சலில் கிடந்த வந்தனாவை அதே பாலத்தில் இடுப்பளவு தண்ணீரில் தோளில் வைத்துக் கடந்தவன். நாங்கள் இந்தக் கரையில் நின்று அழுதுகொண்டிருந்தோம். எனக்குப் புருஷன்மேல் ஆத்திரம் வந்தது.

"நில்லு சாகியூசா," என்று இந்தியில் சொன்னேன். "லாக் நட் போடலே."

துணியை எடுத்தேன். மூன்று பேரும் தட்டைப் பார்த்தோம்.

"மறந்துட்டேன்," என்றார் பல்ராம்.

ஒரு போல்ட்டை முறுக்கினால் திரும்ப வந்து தொட்டுப் பார்க்கிற மனுஷன். அது எனக்கும் தெரியும், சாகியூசாவுக்கும் தெரியும். அவன் தட்டைப் பார்த்தான், துணியைப் பார்த்தான், பிறகு பல்ராமை ரொம்ப நேரம் பார்த்தான். வண்டியை விட்டு இறங்கினான். "போடு பாயா," என்றான்.

பல்ராம் ஹேண்டிலைக் கழற்றினார். நட்டை எடுத்து வைத்தார். நட் மரையில் ஏறவில்லை, இரண்டு தடவை நழுவியது. சாகியூசா கத்தியைத் தரையில் வைத்தான், நட்டை வாங்கினான், தானே சுற்றி ஏற்றினான். நான் போய்ச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். உளியை வைத்துப் பலமாக அடித்துப் பூட்டினான். ஹேண்டிலை மாட்டி இடமும் வலமும் திருப்பிப் பார்த்தான். பிறகு கத்தியை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். விநாக்கா என்று நன்றி சொல்லாமல் ஒரு வாழைக்காயைக்கூட எங்கள் வீட்டிலிருந்து எடுத்துப் போகாதவன். அன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை.

வெயில் இறங்கிவிட்டது. வண்டிச் சத்தம் கரும்புக்கு நடுவே கீழே போய்க்கொண்டிருந்தது.

"நம்ம வீட்டக் கொளுத்த வர்றவனுக்கு நட்டு போட்டு அனுப்பிச்சே," என்றார் பல்ராம்.

"காப்பாத்த வந்தவனா இருந்தா?"

அவர் படியில் உட்கார்ந்தார். "இருந்திருப்பான் தாயி. இனிமே இருப்பானா?"

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த வந்தனா வெளியே வந்தாள். நாங்கள் பேசிய தமிழ் அவளுக்குப் பாதி புரிந்திருக்காது. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பாலத்தைத் தாண்டினால் ரோடு இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் டவுன், போலீஸ் ஸ்டேஷன். வலது பக்கம் அவர்களுடைய கிராமம். கொஞ்ச நாளாக வெளியூர் ஆட்கள் லாரியில் வந்து அங்கேதான் கூடுகிறார்கள். மேட்டில் நின்று பார்த்தால் அந்தப் பிரிவு தெரியும். பல்ராம் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். ஸ்கூட்டரின் வெளிச்சம் பாலத்தைத் தாண்டியது, பிரிவுக்குப் போனது, நின்றது. இடது பக்கம் போ, சாமி, இடது பக்கம் போ என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெளிச்சம் அங்கேயே நின்றது. அவன் யோசிக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. எதை யோசிப்பான் என்றும் தெரிந்தது. தட்டின்மேல் கிடந்த அந்தத் துணியைத்தான்.

"வந்தனா, செருப்பப் போட்டுக்க," என்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கீழே வெளிச்சம் மெதுவாகத் திரும்பியது. இடதுக்கும் போகவில்லை, வலதுக்கும் போகவில்லை. முழு வட்டம் அடித்து எங்கள் வீட்டைப் பார்த்து நின்றது. பிறகு பாலத்தின்மேல் ஏறி, கல் ரோட்டில் கொஞ்சமும் உதறாமல், நேராக மேட்டை நோக்கி வரத் தொடங்கியது.