#எங்கூர்மழை

ஒக்கூரிலிருந்து தம்பி மருதுபாண்டி போன் செய்தபோது, சந்திரலேகா காரைக்குடியில் தன் வீட்டு அடுப்படியில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அறுப்பு மிஷின் வந்து நிக்குது. இன்னைக்கு விட்டா முறை போயிரும், அப்புறம் எப்ப வாரானோ. செல்லுல மழைன்னு காட்டுது. வாரம் பூரா அதையேதான் காட்டுது, ஒரு சொட்டு விழுகல. நீ உன் டேக்கைப் பாத்துச் சொல்லு."

'உன் டேக்கு' என்று அவன் சொன்னதில் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. வீட்டில் யாரும் இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. எடுத்தாலும் புருஷன் வேல்பாண்டி கேலி செய்யத்தான் எடுப்பான்.

பத்து வருஷத்துக்கு முந்தைய பெருமழையில் அவள் பெற்றெடுத்த பிள்ளை அந்த 'எங்கூர்மழை' ஹேஷ்டேக். மாடியில் நேரான டப்பா ஒன்றை வைக்க வேண்டும். மழை விட்டதும் எத்தனை விரல் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, ஊர்ப் பேரோடு போன் ஆப்பில் படம் போட வேண்டும். சட்டம் அவ்வளவுதான். முதலில் அவள் மட்டும் போட்டாள், பிறகு பத்துப் பேர், அப்புறம் கணக்கே இல்லை. கடலோரத்திலிருந்து கிளம்பும் மழை தேவகோட்டை, அரியக்குடி, காரைக்குடி, மானகிரி என்று ஊர் ஊராக ஒக்கூர்ப் பக்கம் போவதை உட்கார்ந்த இடத்தில் பார்க்கலாம். ஒரு தீபாவளிக்குச் சென்னைக்காரர்கள்கூட அதில் போட்டார்கள். அந்த வாரம் சந்திரலேகாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கூட்டம் சேர்ந்த இடத்தில் கடை விரிக்க ஆட்கள் வராமல் இருப்பார்களா? ஆடித் தள்ளுபடிக்கும் எங்கூர்மழை, நகைச்சீட்டுக்கும் எங்கூர்மழை, சினிமா டிரெய்லருக்கும் எங்கூர்மழை. பிறகு அந்த ஆப்பும் தன் குணத்தை மாற்றிக்கொண்டது. டேக்கைத் தேடிப் போனால் புதிய படத்தை விட்டுவிட்டுத் தனக்குப் பிடித்ததைக் காட்டியது. ஆட்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். சந்திரலேகா மட்டும் தூறல் விழுந்தாலும் படம் போட்டாள். விழுகிற இரண்டு லைக்கில் ஒன்று வேல்பாண்டியுடையது, அதுவும் சாப்பாட்டு நேரத்தில் கேட்டு வாங்கியது.

இட்லித் தட்டை மூடிவிட்டுத் தேடிப் பார்த்தாள். கிழக்கே எந்த ஊரிலிருந்தும் பதிவு இல்லை. அந்தக் காலத்தில் யாரும் போடவில்லை என்றால் மழை இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அதே நினைப்பில் சொல்லிவிட்டாள்.

"ஒண்ணுமில்லடா. அறுக்கச் சொல்லு."

செக்காலை ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடுவது அவள் வேலை. கடையில் உட்கார்ந்து வியாபாரம் சூடு பிடிக்கும் நேரத்தில் அரியக்குடி தச்சர் ஆண்டியப்பன் கீல் வாங்க வந்தார். சட்டை உடம்போடு ஒட்டிக்கிடந்தது.

"என்னண்ணே, குளத்துல குளிச்சிட்டு அப்படியே வாரீகளா?"

"குளமா? எங்கூருல கொட்டோ கொட்டுன்னு கொட்டுது தாயி! இங்குட்டு என்னடான்னா சுள்ளுன்னு வெயில் அடிக்குது."

சந்திரலேகா போனை எடுத்தாள். அவசரமாக டேக்கைத் திறந்தாள். மேலே ஒரு நகைக்கடை விளம்பரம் சிரித்தது. அரியக்குடி மழையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியவில்லை. ஆட்கள் போன பிறகும் அதை நம்பிக்கொண்டிருந்த தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. தம்பியைக் கூப்பிட்டாள்.

"பாதி அறுத்தாச்சுக்கா," என்றான் மருதுபாண்டி. "நெல்லு களத்துல குமிஞ்சு கெடக்கு. நிக்கிற கதிர் ஒரு மழை தாங்கும், இது நனைஞ்சா முளைச்சுப் போகும். நிப்பாட்டவா? மழை இங்குட்டு வராமப் போச்சுன்னா மிஷினும் போயி நான் முட்டாளா நிப்பேன். எதுவரைக்கும் வந்திருக்கு, அதைச் சொல்லு."

"இரு. கேட்டுச் சொல்றேன்."

யாரைக் கேட்பது? பழைய பதிவுகளுக்குள் விரலால் தள்ளித் தள்ளிப் போனாள். டப்பாக்களைப் பார்த்ததுமே ஆட்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். பச்சைப் பெயிண்ட் டப்பா அரியக்குடி நாகவல்லி. நீளமான பிஸ்கட் டின் மானகிரி நாகேந்திரன். ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. கூச்சத்தை ஓரங்கட்டிவிட்டு, அந்த ஆப்பிலேயே நாகவல்லியைக் கூப்பிட்டாள்.

"எங்கூர்மழை ஆரம்பிச்சவுகளா? நெசமாவா?" நாகவல்லிக்கு நம்ப முடியவில்லை. "ரெண்டு விரல் தாண்டிருச்சுங்க. காத்து மேற்க தள்ளுது."

"இன்னும் அளக்குறீகளா?"

"அளக்காம? தினம் எந்திரிச்சதும் டப்பாவைத்தான் பாப்பேன். போட்டா யாரு பாக்குறாகன்னுதான் போடுறதை விட்டேன்."

சந்திரலேகா தம்பியின் நெல்லைப் பற்றிச் சொன்னாள். பிறகு நாகேந்திரனைக் கூப்பிட்டாள். அவன் பட்டறையை விட்டு வெளியே வந்து பார்த்தான்.

"கெழக்க கருத்துக்கிட்டு வருது, இன்னும் விழுகல. நான் மாடியில நிக்கிறேன். மொத சொட்டு விழுந்ததும் சொல்றேன், லைன்லயே இருங்க."

கடைக்குள் ஒருவர் ஆணிக்குப் பில் கேட்டார். "கொஞ்சம் பொறுங்கண்ணே," என்று சொல்லிவிட்டு, ஆண்டியப்பனின் போனை வாங்கித் தம்பிக்குப் பேசினாள். "அறுப்பு நடக்கட்டும். இப்பவே டிராக்டரைக் கொண்டாந்து களத்து நெல்லை ஏத்த ஆரம்பி." இரண்டு காதிலும் இரண்டு போனோடு அவள் நிற்க, முதலாளியே ஆணிக்குப் பில் போட்டார். செக்காலை ரோடு நனையத் தொடங்கியது. இடது காதில் நாகேந்திரன் கத்தினான்.

"விழுந்திருச்சு! பெரிய பெரிய சொட்டா விழுகுது!"

"நிப்பாட்டுடா!" என்று அவள் வலது காதுப் போனில் கத்தினாள். "மானகிரிக்கு வந்திருச்சு. இருக்குறதை அள்ளு!"

மத்தியானம் மருதுபாண்டி பேசினான். நெல் முழுவதும் சமுதாயக்கூடத்துக்குள் போய்விட்டது. கடைசி நடை உள்ளே நுழையும்போதுதான் மழை பிடித்ததாம். ஒரு வயல் மட்டும் அறுக்காமல் நிற்கிறது.

"காலையில நான் சொன்னது தப்புடா," என்றாள்.

"அப்புறம் சரியாச் சொன்னியே. அது எந்த டேக்குல பாத்த?"

"டேக்குல இல்லடா. ஆளுகளைக் கேட்டேன்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேலையைப் பிழிந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. நாகவல்லி. கூப்பிடச் சொல்லி அவளிடம் யாரும் கேட்கவில்லை.

"இங்க மழை வெறிச்சிருச்சுங்க, கெழக்க வெளுத்துக்கிட்டு வருது. காலையில எந்திரிச்சதும் வானத்தைப் பாத்துட்டு நானே கூப்புடுறேன், அறுப்பு மிச்சம் இருந்தா ஆகும்ல? ஆமா, நம்ம தம்பி நெல்லு நனையலையே?"

"நனையலங்க," என்றாள் சந்திரலேகா. சேலையைக் கொடியில் போட்டுவிட்டு, போனை வைக்காமலே தன் டப்பாவில் எத்தனை விரல் என்று பார்க்க மாடிப்படி ஏறினாள்.