துரை இல்லாத மொழி

என் நாவலில் தோட்டத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் ஜெயிக்கிறது. வெள்ளைக்காரன் கப்பலேறிவிடுகிறான். மலாயாவின் பேராக் மாநில ரப்பர் தோட்டங்களெல்லாம் சேர்ந்து தனி நாடாகின்றன. அந்த நாட்டுக்கென்று ஒரு மொழியே உருவாக்கினேன். தமிழும் மலாயும் கலந்த ஆயிரத்து இருநூறு சொற்கள். அதில் ‘துரை’ கிடையாது. கெஞ்சுவதற்கும் சொல் கிடையாது. ஆறு வருட உழைப்பு. கேலி செய்கிறவன் செய்யட்டும்.

ஈப்போ எழுத்தாளர் கூட்டத்தில் காட்டுவதற்காக, ஒரு தொழிலாளி பிரதமரையே அதட்டிக் கேள்வி கேட்கும் காட்சியை அந்த மொழியில் பேசினேன். மனைவி ஹில்டா கைப்பேசியில் படம் பிடித்தாள். போட்டுப் பார்த்தவள் முகம் சுருங்கியது.

“ஏன் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க?”

“யாரு, நானா? உளறாத லா.”

காட்டினாள். தலையைக் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றிருந்தேன். கோப்பெங் பக்கத்துத் தோட்ட ஆபீஸ் வாசலில், துரைக்கு முன்னால் அப்பா நின்ற அதே நிலை. நான் ஒருநாள்கூட ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டப் போனவன் இல்லை.

“திரும்ப எடு!” என்று கத்தினேன்.

இந்த முறை கைகளைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்றேன். நானே உருவாக்கிய மொழியில் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை.