கதவில் ஒட்டியிருந்த நெவியானா

எங்கள் குடியிருப்பு வாசற்கதவில் காகிதம் ஒட்டியிருந்தால் அது சாவுச் செய்தி. எங்கள் பிளவ்திவ் நகரத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும். கறுப்பு வெள்ளைப் படம், பெயர், அடியில் நாலு நல்ல வார்த்தை. ஞாயிறு காலை ரொட்டி வாங்கக் கிளம்பியவள் அப்படியே நின்றுவிட்டேன். படத்தில் நாலாம் மாடி நெவியானா! இருபத்துமூன்று வயது. 'பொறுமைசாலி. பிறரைச் சிரிக்கவைப்பவள்.'

பரீட்சையில் தோற்று எட்டு மாதமாக அவள் படியிறங்கவில்லை. இணையத்தில் மனத்திடப் பயிற்சி வகுப்பில் சேர்ந்திருப்பதாக அவள் அம்மா ஸ்தோயங்கா சொன்னபோது, "கம்ப்யூட்டர் தைரியம் தருமா? அப்ப என் இஸ்திரிப்பெட்டி அறிவு தரும்" என்று சிரித்தவளும் நான்தான்.

ஐந்தே நிமிடத்தில் இரண்டாம் மாடி பென்கா, சாவு வீட்டுக்கு ஆகிற மாதிரி இரட்டைப்படையில் ஆறு பூக்களோடு வந்துவிட்டாள். நாலாம் மாடி ஏறினோம்.

"தங்கமான புள்ள, பென்கா. போன கோடையில லிஃப்ட் கெட்டப்ப என் தர்பூசணிய மூணு மாடி தூக்கிட்டு வந்துச்சு."

"நீதானே அந்தப் புள்ளையக் கிறுக்குன்னு சொன்ன?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்? பேசாம அழு."

மணி அடித்தோம். கதவைத் திறந்தது நெவியானா.

பென்காவின் பூக்கள் கீழே விழுந்தன. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ... கதவுல உன் படம்..."

"வகுப்புல குடுத்த வேலை, அத்தை. என்கிட்ட என்ன நல்லது இருக்குன்னு தெரிஞ்சவங்ககிட்ட கேக்கணும். நேர்ல கேக்க பயம். நானே ரெண்டு எழுதி, மத்தவங்களுக்குக் கீழ இடம் விட்டு, விடியறப்ப ஒட்டிட்டு ஓடிவந்துட்டேன்."

"கலர்ல அடிச்சிருக்கக் கூடாதாடி, பாவி!"

"மை தீந்துபோச்சு."

குனிந்து பூக்களைப் பார்த்தாள். ஆறு. புரிந்ததும் முகம் வெளுத்தது. கதவு மெல்லச் சாத்திக்கொண்டே வந்தது. சாத்தினால் இன்னொரு எட்டு மாதம். காலை உள்ளே நுழைத்தேன்.

"தர்பூசணி விஷயம் காதுல விழுந்துச்சு," என்றாள் இடுக்கு வழியாக. "நெஜமாவே சொன்னீங்களா, நான் செத்துட்டேன்னு நெனச்சுச் சொன்னீங்களா?"



"நீ செத்துட்டன்னு நெனச்சுத்தான் சொன்னேன்டி," என்றேன். "ஆனா நீ தூக்கினது நெஜம்."

கதவை முழுக்கத் திறந்தாள். பிறகு செருப்பை மாட்டினாள்.

"அப்ப வந்து எழுதுங்க. நான் பக்கத்துல நின்னு பாக்கணும்."

கீழே முதல் மாடி க்ருமோவ் தொப்பியைக் கழற்றிப் படத்தின் முன் தலைகுனிந்து நின்றார். திரும்பியவர் அலறிச் சிலுவை போட்டுக்கொண்டார். நெவியானாவின் கை என் சட்டையை இறுகப் பற்றியது. ஆனால் ஓடவில்லை.

"மாமா," என்றாள். "நீங்களும் ஒண்ணு எழுதுங்க."