தட்டினால் போகும் வண்டி

நடந்ததை நடந்தபடிதான் சொல்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. ரோஸ்லின் சொல்லிக் கேட்டது பாதி, அந்த வண்டியில் போய்வந்தவர்கள் சொன்னது பாதி. இடையில் நானாக நினைத்து நினைத்துச் சேர்த்துக்கொண்டதும் கொஞ்சம் இருக்கலாம். அன்று தூறல் இருந்ததாக என் மனதில் பதிந்திருக்கிறது. ரோஸ்லின் நல்ல வெயில் என்கிறாள். வண்டியில் என்ன பாட்டு ஓடியது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அந்தத் தட்டல் சத்தத்தைப் பற்றி மட்டும் யாரிடமும் இரண்டு பேச்சு இல்லை. உள்ளங்கையால், தகரத்தின் மேல், படபடவென்று.

வில்லியனூரிலிருந்து மங்கலம், ஏம்பலம் வழியாகப் பாகூர் போகிற தனியார் பஸ். பெயர் வெண்ணிலா. அது முதலாளி சுப்பராயலுவின் மகள் பெயர். நெல்லும் கரும்பும் போட்டுக்கொண்டிருந்த குடும்பம். கரும்பில் வந்ததை அவர் வண்டியில் போட்டார். ஓட்டுநர் புகழ்வேந்தன் அவருடைய அக்கா மகன். கண்டக்டர் ரோஸ்லின்.

அவள் தெருவில் காக்கிச் சட்டை போட்ட முதல் பெண் அவள்தான். அம்மாவும் அத்தைகளும் நடவுக்கும் களைக்கும் போனவர்கள். கணவன் பிரிட்டோ மூலக்குளத்தில் புது வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். வேலை உள்ள நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. ரோஸ்லின் கண்டக்டர் வகுப்புக்கும் முதலுதவி வகுப்புக்கும் போய், பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டாள். வகுப்பில் சொன்னதையெல்லாம் அவள் நம்பினாள். ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு விசில் என்றால் புறப்படு. விடாமல் ஊதினால் ஆபத்து. இறங்குகிறவரின் இரண்டு காலும் தரையில் பட்ட பிறகுதான் இரண்டாவது விசில். நர்ஸ் வேலைக்கு ஒரு முறை இருப்பதுபோல இதற்கும் ஒரு முறை இருக்கிறது என்பதே அவளுக்குப் பெருமையாக இருந்தது.

வண்டியில் ஏறிய முதல் நாளே அந்தப் பெருமை கெட்டது. அவள் விசில் ஊதினாள். புகழ்வேந்தன் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா பி.டி. டீச்சரு, எங்கள கிரவுண்ட்ல ஓட வுடப் போறியா?"

அன்றிலிருந்து அவளுக்கு அதுதான் பெயர். ஷிப்டுக்குப் போகிற பையன்களும் அப்படியே கூப்பிட்டார்கள்.

அந்தத் தடத்தில் யாரும் விசிலுக்கு வண்டி ஓட்டுவதில்லை. பாட்டுச் சத்தத்தில் அது கேட்காது என்று சொல்வார்கள். கடைசியாக ஏறுகிறவர் வண்டியின் பக்கவாட்டைத் தட்ட வேண்டும்; இறங்கியவராக இருந்தால் கீழே நின்று தட்டி அனுப்பிவிட வேண்டும். யாரும் எழுதி வைத்ததல்ல. புடவைக்காரம்மா, பள்ளிக்கூடப் பிள்ளை, பால்காரர், எல்லோருக்கும் தெரியும். இறங்கிவிட்டுத் தட்டாமல் போனால் மரியாதை தெரியாதவர் என்று சொல்வார்கள். தட்டினால் வண்டி போகும். வண்டி முழுதாக நிற்பதே கிடையாது, உருண்டுகொண்டே இருக்கும். அதனால் நிற்கச் சொல்லித் தட்டுவது என்று ஒன்று யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

ரோஸ்லின் ஊதிக்கொண்டேதான் இருந்தாள். யாரும் கேட்காத இடத்தில் வேலையைச் சரியாகச் செய்வதில் ஒரு வெட்கம் இருக்கிறது. அவள் அதைப் பழகிக்கொண்டாள்.

முன்படியின் ஓரத் தகரம் கிழிந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்ததையும் அவள் சொல்லிப் பார்த்தாள். ஒரு பையனின் கால்சட்டை அதில் கிழிந்தபோது சொன்னாள். எஃப்.சி. வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றான் புகழ்வேந்தன். வண்டியைத் தகுதி பார்க்கக் கொண்டுபோகிற நாளில்தான் அந்த வண்டிக்கு எல்லாமே நடக்கும்; பெயிண்ட், விளக்கு, முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சு.

காசம்மாள் ரோஸ்லினுடைய தெரு. உறவு என்று எடுத்தால் பெரியம்மா முறை. கரும்பு வெட்டுக்குச் சாப்பாடு எடுத்துப் போகிறவள். அன்று ஏம்பலத்துக்கு முந்தைய நிறுத்தத்தில், கரும்புக்கொல்லையை ஒட்டி, முன்படியில் இறங்கினாள். ரோஸ்லின் பின்னால் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தாள். ஒற்றை விசில் ஊதியிருந்தாள். காசம்மாளின் தலை படிக்குக் கீழே போனதையும் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தபோது, அவளுடைய புடவை கிழிந்த தகரத்தில் மாட்டி விறைப்பாக நீண்டிருந்தது. காசம்மாள் ஒரு கையால் புடவையை இழுத்தபடி மறுகையால் வண்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

வண்டி கிளம்பியது.

ரோஸ்லின் மூச்சு முட்ட விசிலை விடாமல் ஊதினாள். பின்சக்கரம் ஏறி இறங்கியதை இருக்கையில் உட்கார்ந்திருந்த எல்லோரும் உணர்ந்தார்கள். பாட்டு மட்டும் நிற்காமல் பாடிக்கொண்டிருந்தது.

காசம்மாளின் வலது கால் கணுக்காலுக்கு மேலேயே துண்டாகிப் போயிற்று.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சு: அந்தம்மாவே தட்டியிருக்கிறது. பெட்டிக்கடையில் சொன்னார்கள், கோயில் வாசலில் சொன்னார்கள். போலீஸ்காரர் எழுதியதும் அதுதான். பரிதாபமாகச் சொன்னார்கள், ஆனாலும் சொன்னார்கள். காசம்மாளின் மகன் அன்புராஜ்கூட ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று, இதுவே தட்டிவிட்டு இதுவே மாட்டிக்கொண்டது, யாரைப் போய்க் கேட்பது என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். உள்ளே கட்டிலில் கிடந்தவளுக்கு அது கேட்டது.

ரோஸ்லின் கட்டிலருகே நின்றாள். மின்விசிறி சுற்றியது. பக்கத்துக் கட்டில்காரர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"கால் போச்சி, சரி," என்றாள் காசம்மாள். "நானே தட்டி நானே வுட்டுக்கிட்டேன்றாங்களே. நீ வண்டிலதான இருந்த. நான் போவச் சொல்லியாடி தட்டுனேன்?"

"இல்ல பெரிம்மா."

"அத நாலு பேரு கேக்கற எடத்துல சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வாணாம்."

ரோஸ்லின் தலையை மட்டும் ஆட்டினாள். அது காசம்மாளுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விபத்து பேப்பரில் வந்துவிட்டதால் பஸ் முதலாளிகள் சேர்ந்து ஊழியர்களுக்கு ஒரு பயிற்சி முகாம் ஏற்பாடு செய்தார்கள். போக்குவரத்துத் துறை அதிகாரி ஒருவரும் வர ஒப்புக்கொண்டார். முகாமுக்கு முந்தைய நாள் சுப்பராயலு ரோஸ்லினை வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலி போடச் சொன்னார், காபி கொடுக்கச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனவர். முகாமில் நடந்ததை அவளே எழுந்து சொன்னால் மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கும் என்றார்.

"பொய் சொல்லச் சொல்லலம்மா நானு. அது தட்டுச்சா இல்லியா? தட்டுச்சு. வண்டி கெளம்புச்சு. அத மட்டும் சொல்லு. மேல கீழ எதையும் சேக்காத."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. காபியின் மேல் ஆடை படிந்துவிட்டது. அவள் அதைக் குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் கையில் பிடித்திருந்தாள். புறப்படும்போது அவர், தான் சொல்கிறபடி சொன்னால் அவள் வேலைக்கு ஒன்றும் வராது, தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

முகாம் மூலக்குளத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தைய நாள் யாருக்கோ வரவேற்பு நடந்திருந்தது. மேடையில் வாடிய பூ அலங்காரத்துக்கு முன்னால் 'பயணிகளே நம் தெய்வங்கள்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். வாடிய பூவும் பினாயிலும் சமையற்கட்டிலிருந்து வந்த பிரியாணி வாசனையும் ஒன்றாகக் கலந்து அடித்தன. பயிற்சியாளர் பாக்யராஜ், எங்கோ டிப்போவில் இருந்து ஓய்வு பெற்றவர், திரையில் படங்கள் போட்டு ஆங்கிலமும் தமிழுமாகப் பேசினார். டிரைவர்கள் கல்யாண நாற்காலிகளில் சாய்ந்து தூங்கினார்கள். ஒருவன் பான்பராக்கை மென்று ஜன்னலுக்கு வெளியே துப்பினான். பாதி ஜன்னலிலேயே வழிந்தது. கடைசியில் வைத்த பரீட்சைக்கு பாக்யராஜே பதில்களை வரிசையாக வாசித்தார், எல்லோரும் டிக் போட்டார்கள். அதிகாரி முன்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் எழுந்து சொல்லும் நேரம் வருமென்று ரோஸ்லின் காத்திருந்தாள்.

சாப்பாட்டுக்கு முன்னால் செய்முறை விளக்கம் என்றார்கள். மண்டபத்துக்கு வெளியே வெண்ணிலாவையே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். படியின் தகரத்தை மாற்றி, மேலே மஞ்சள் பெயிண்ட் அடித்தாயிற்று. புகழ்வேந்தன் ஏறி உட்கார்ந்தான். நிஜம்போல இருக்கட்டும், என்ஜின் ஓடட்டும் என்றார் பாக்யராஜ். புகழ்வேந்தன் கையோடு பாட்டையும் போட்டுவிட்டான். யாரும் அணைக்கச் சொல்லவில்லை. வண்டிக்குக் கொஞ்சம் தள்ளி, முன்னால், தண்ணீர் கேன்களையும் டம்ளர்களையும் ஒரு மேஜையில் வைத்திருந்தார்கள்.

பாக்யராஜ் ரோஸ்லினைக் கூப்பிட்டு முன்படிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அவள்தான் அந்தப் பயணி என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்தம்மா எப்படித் தட்டினார் என்று காட்டச் சொன்னார்.

ரோஸ்லின் உடனே கையைத் தூக்கவில்லை. எவ்வளவு நேரம் என்பதில் நான் கேட்ட கதைகள் ஒத்துப்போகவில்லை. கூட்டத்தில் யாரோ, பி.டி. டீச்சருக்கு வெட்கம் என்றார்கள். சுப்பராயலு தூரத்தில் நிழலில் நின்று தலையை அசைத்தார், தைரியமாகச் செய் என்பதுபோல. அவள் மஞ்சள் பெயிண்டைப் பார்த்தாள். பிறகு டிரைவர் ஜன்னலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"அவங்க நிக்கச் சொல்லித்தான் தட்னாங்க. நானும் இப்ப நில்லுன்னுதான் தட்டப் போறேன். கேட்டுக்குங்க."

"கேக்குது, கேக்குது, தட்டு," என்றான் புகழ்வேந்தன்.

அவள் தட்டினாள். உள்ளங்கையால், படபடவென்று.

வண்டி கிளம்பியது.

அவன் வேண்டுமென்று செய்யவில்லை. அதை அவள் எப்போதும் சொல்வாள். தட்டல் கேட்டதும் கை கியரைப் போட்டது, கால் கிளட்சை விட்டது. முகம் இன்னும் அவள் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தது. வண்டி துள்ளிப் போய் மேஜையில் மோதிய பிறகுதான் அவன் பிரேக்கை மிதித்தான். கேன்கள் உருண்டன. தண்ணீர் எல்லோர் காலடியிலும் ஓடியது. ரோஸ்லின் நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் கைக்கு முன்னால் வண்டி இல்லை.

இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை என்று அவள் நினைத்தாள். எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

பிறகு சிரித்தார்கள்.

முதலில் புகழ்வேந்தன், அப்புறம் பின்னால் நின்றவர்கள், அப்புறம் எல்லோரும். ஒருவன் இன்னொருவன் முதுகில் அறைந்து சிரித்தான். அதிகாரிகூடப் போனைத் தாழ்த்திவிட்டுச் சிரித்தார். நனைந்த கால்சட்டையை உதறிக்கொண்டு பாக்யராஜ் கையைத் தூக்கினார்.

"பாத்தீங்களா? இதத்தான் காலைலேர்ந்து சொல்றேன். பயணிங்கள வண்டியத் தட்ட வுடவே கூடாது."

ரோஸ்லின் அவருக்குச் சொல்லவில்லை, அதிகாரிக்கும் சொல்லவில்லை. சுப்பராயலுவைப் பார்த்துச் சொன்னாள். "அன்னிக்கு நான் விடாம விசில் ஊதுனேன். டிரைவருக்குக் கேட்டுச்சு."

"கேட்டுச்சிபா," என்றான் புகழ்வேந்தன், ஜன்னலில் முழங்கையை வைத்து. மறைப்பதற்கு அவனிடம் ஒன்றும் இல்லை. "டெய்லியும்தான் ஊதுது. அதுக்குன்னு நிறுத்தினா பாகூர் போய்ச் சேர்றதா, வாணாவா?"

அதற்கும் சிரித்தார்கள். பிறகு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஈரச் செருப்புகளோடு எல்லோரும் உள்ளே போனார்கள். பந்தியில் எண்ணெய் மின்னும் விரல்களோடு அதே டிரைவர்கள், வண்டி துள்ளியதை ஒருவருக்கொருவர் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ரோஸ்லின் வாசலில் நின்று அதைப் பார்த்தாள். சுப்பராயலு அவள் பக்கம் திரும்பவில்லை. சாயங்காலம் பயிற்சி பெற்றதற்கான சான்றிதழை எல்லோருக்கும் வரிசையாகக் கொடுத்தார்கள். புகழ்வேந்தனுக்கும் கொடுத்தார்கள். அவள் பெயரையும் வாசித்தார்கள். அவள் அப்போது அங்கே இல்லை.

நேரே காசம்மாளிடம் போனாள். சொல்லிவிட்டேன் பெரியம்மா என்றாள். என்ன சொன்னார்கள் என்று காசம்மாள் கேட்டாள். எல்லோரும் கேட்டார்கள் என்று மட்டும் ரோஸ்லின் சொன்னாள். காசம்மாளுக்கு அது போதுமாக இருந்தது. அல்லது போதும் என்று காட்டிக்கொண்டாள்.

சுப்பராயலு மறுநாள், கொஞ்ச நாள் வீட்டில் ரெஸ்ட் எடுக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். அப்புறம் கூப்பிடவில்லை. ரோஸ்லின் இப்போது சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். கம்பெனி வேனில் போய்வருகிறாள். புகழ்வேந்தன் அதே தடத்தில் அதே வண்டியை ஓட்டுகிறான். சுப்பராயலு இன்னொரு வண்டி வாங்கியிருக்கிறார், அரியாங்குப்பம் தடத்துக்கு. பாக்யராஜ் அடுத்த வருட முகாமையும் நடத்தினார். வெண்ணிலாவின் பக்கவாட்டில் 'பேருந்தைத் தட்டாதீர்' என்று எழுதியிருக்கிறார்கள். இறங்குகிறவர்கள் அந்த எழுத்தின் மேலேயே தட்டி அனுப்புகிறார்கள். காசம்மாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடக்கிறாள். அவள் தட்டியது வண்டியை நிறுத்தத்தான் என்று அன்புராஜ் இன்னும் நம்பவில்லை.