சாக்பீஸ் வட்டம்

கட்டிலில் புரண்டு புரண்டு பார்த்தவள் கடைசியில் எழுந்து உட்கார்ந்தாள்.

"சித்தி, தூங்கிட்டீங்களா?"

"நீ உருளுற உருட்டுக்குக் கட்டிலே தூங்காது. என்னடி?"

விடிந்தால் சித்தி கப்பலுக்குப் போகிறாள். பத்தொன்பது வருஷமாக அவள் எட்டிக்கூடப் பார்க்காத போர்க்கப்பல். சண்டையில் அடிபட்டுத் தண்ணீர் புகுந்தபோது, மற்றவர்களைக் காப்பாற்றக் கீழ்த்தள அறை ஒன்றின் கதவை வெளியிலிருந்து அடைத்துவிட்டார்கள். உள்ளே சித்தப்பாவும் இன்னும் நாலு பேரும்.

இப்போது அந்தக் கப்பலைக் கரையோரம் கட்டி, நினைவிடமாகவும் மியூசியமாகவும் ஆக்குகிறார்கள். போன வாரம் அந்த அறைச் சுவரில் பெயிண்ட் உரிந்த இடத்தில், ஆணியால் கீறிய சித்தப்பாவின் பெயர் தெரிந்தது. கீழே சில வரிகள், பிற்பாடு கப்பலைச் சரிசெய்தபோது அடித்த பெயிண்டுக்குள்ளேயே இன்னும் இருந்தன. பக்குவமாக உரித்தெடுக்க நாளைக்கு ஆள் வருவதாக ஏற்பாடு. எழுத்து பொடியாக இருக்குமென்று சித்தி புதுக் கண்ணாடியே வாங்கிவிட்டாள். தலைமாட்டில் கூட்டோடு இருக்கிறது.

"லீவுன்னு அப்பாகூட நானும் அந்தக் கப்பல்ல துரு சுரண்டப் போறேன்ல."

"தெரியுதே. பாதித் துரு உன் தலையிலதான் இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"சாக்பீஸ்ல வட்டம் போட்டிருந்தா சுரண்டணும். பெருக்கல் குறின்னா தொடக்கூடாது. அப்பா ஆளுங்களுக்கு அதான் கணக்கு. மியூசியம் மேடத்துக்கு அது தெரியாது. பத்திரமா இருக்கட்டும்னு ஒரு சுவத்துல வட்டம் போட்டுட்டுப் போயிட்டாங்க."

சித்தி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"கீழ எல்லா ரூமும் ஒரே மாதிரி இருக்கும் சித்தி. டார்ச் வெளிச்சத்துல வெறும் கீறல்னு நெனச்சு துரு சுரண்டுற மிஷின வெச்சுட்டேன். அது சித்தப்பா எழுதின சுவரு. அப்பா வந்து பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டாரு. உங்ககிட்ட சொல்ல அவருக்கு வாய் வரல."

சித்தி திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"என் பேரு இருந்துச்சா?"

இருந்தது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

"நான் படிக்கல சித்தி."

"ம்."

சித்தி போர்வையை மடியில் இழுத்துக்கொண்டாள். "காலையில எந்த இடம்னு காட்டு. கையாவது வெச்சுப் பாக்குறேன்."

"ஒண்ணுமே இல்ல சித்தி. வழவழன்னு இருக்கு."

"இருக்கட்டும்."

சித்தி தலைமாட்டைத் தடவிக் கண்ணாடிக் கூட்டை எடுத்தாள். மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.